பொன்னிற முடியும் அதன்மேல் ஏற்றிவைத்த கதைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் பதினாறு வருடமாகத் தலைமுடிக்குக் கலர் போடுகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்க்காரர்கள், மீதிப் பேர் இந்திராநகர் பக்கம் வேலை பார்க்கிற எல்லா ஊர்க்காரர்களும். ஃபாயில் சுற்றி உட்காரவைத்தால் ஒரு மணி நேரம் பேச்சுதான் துணை. அந்தப் பேச்சில் பொன்னிற முடிப் பெண்களைப் பற்றி ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலது அப்பாவித்தனமான கேள்வி, சிலது கேட்டதும் கை ஒரு நிமிடம் நின்றுபோகிற கேள்வி. யார் எப்படிக் கேட்டார்களோ அப்படியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

அக்கா, பிளாண்ட்னா என்ன? மஞ்ச முடியா, வெள்ளை முடியா?

பொன்னிற முடி. ஆனால் ஒரே நிறம் கிடையாது. வைக்கோல் நிறம், தேன் நிறம், சோளக்குஞ்சத்தின் நிறம், கிட்டத்தட்ட வெள்ளை என்று சொல்லும் அளவுக்கு வெளுத்த நிறம், எல்லாமே அதில் அடங்கும். நாம் 'மொட்டை', 'சுருட்டை' என்று ஆளையே கூப்பிடுவதைப்போல, 'பிளாண்ட்' என்றால் முடியோடு நிற்காமல் அந்தப் பெண்ணையே குறிக்கிற சொல்லாகிவிட்டது. சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

நம்மிடம் பக்கத்தில் வரும் சொல் செம்பட்டை. அதை யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை. அதற்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

அது எப்படி சிலருக்கு மட்டும் அந்தக் கலர்ல முளைக்குது?

முடியின் நிறம் மெலனின் என்ற நிறமியால் வருகிறது. அதில் இரண்டு வகை: கறுப்பு-பழுப்பு தரும் யூமெலனின், சிவப்பு-மஞ்சள் தரும் ஃபியோமெலனின். நம் முடியில் முதல் வகை நிறைய இருக்கிறது, பொன்னிற முடியில் அது மிகக் குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

வட ஐரோப்பியர்களிடம் இதற்கு ஒரு காரணத்தை 2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கிட்லிக் என்ற மரபணுவுக்குப் பக்கத்தில், டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றம் முடிக்காலில் மட்டும் அந்த மரபணுவின் வேலையை ஏறக்குறைய 20 சதவீதம் குறைக்கிறது. உடம்பின் மற்ற இடங்களில் அதே மரபணு வழக்கம்போல வேலை செய்கிறது.

அப்ப முடிக்கும் மூளைக்கும் நிஜமாவே ஒரு சம்பந்தமும் இல்லையா?

இல்லை. மேலே சொன்ன மாற்றம் முடிக்காலோடு முடிந்துவிடுகிறது, மூளைப் பக்கம் போவதே இல்லை.

'அறிவியல் அப்படிச் சொல்லலாம், ஆனா அனுபவத்துல...' என்று இழுப்பவர்களுக்கு இன்னொரு விவரமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் 1980இல் ராணுவத்தின் அறிவுத்திறன் தேர்வு ஒன்றை எழுதினார்கள். பிறகு அவர்களிடம் இயல்பான முடி நிறத்தையும் கேட்டார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜே ஸகோர்ஸ்கி என்ற பொருளாதார அறிஞர் 2016இல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். வெள்ளையினப் பெண்களில் பொன்னிற முடிக்காரர்களின் சராசரி ஐக்யூ 103.2, பழுப்பு முடி 102.7, சிவப்பு 101.2, கறுப்பு 100.5. உடனே 'அப்ப பிளாண்ட்தான் புத்திசாலி' என்று தலைகீழாகத் திருப்பிவிடாதீர்கள். இந்தச் சின்ன இடைவெளிக்குப் புள்ளிவிவரக் கணக்கில் ஓர் அர்த்தமும் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

பின்ன ஏன் ஊரே 'பிளாண்ட்னா மக்கு'ன்னு சொல்லுது? நெருப்பில்லாம புகையுமா?

இந்தப் புகை மேடையிலிருந்து வந்தது. பாரிஸில் 18ஆம் நூற்றாண்டில் ரோசாலி துத்தே என்ற பெண் இருந்தார், பிரபுக்களின் ஆசைநாயகி. ஏதாவது கேட்டால் பதில் சொல்வதற்கு முன் நெடுநேரம் மௌனமாக இருப்பாராம். அதை வைத்து 1775இல் அவரைக் கேலி செய்து ஓரங்க நாடகம் போட்டார்கள், பாரிஸ் நகரமே சிரித்தது. 'மக்கு பிளாண்ட்' என்ற பாத்திரத்தின் தொடக்கமாகப் பலரும் காட்டுவது அவரைத்தான். யோசித்துப் பாருங்கள், அவர் அறிவில்லாதவர் என்பதற்கு இருந்த சாட்சியே அவர் பேசாமல் இருந்ததுதான்.

பிறகு 1925இல் அனிதா லூஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர், 'ஜென்டில்மென் பிரிஃபர் பிளாண்ட்ஸ்' என்ற நாவலை எழுதினார். ரயிலில் ஒரு பொன்னிற முடிப் பெண்ணைச் சுற்றி ஆண்கள், தன்னுடைய அறிவாளி நண்பர் உட்பட, ஓடியாடிப் பணிவிடை செய்ததைப் பார்த்துத்தான் எழுதத் தொடங்கினாராம். லூஸுடையது கறுப்பு முடி. அந்தக் கதையின் நாயகி ஒன்றும் தெரியாதவள்போலப் பேசுவாள், ஆனால் கதை முழுக்க ஏமாறுகிறவர்கள் ஆண்கள்தான். 1953இல் அது மர்லின் மன்றோ நடித்துப் படமாக வந்தது. ஜனங்கள் மனதில் தங்கியது நாயகியின் மழலைப் பேச்சு மட்டும். ஆண்களின் அசட்டுத்தனம் மறந்துபோய்விட்டது.

மர்லின் மன்றோ மட்டும் அப்படித்தானே இருந்தாங்க?

இல்லை, இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். அவருடைய இயல்பான முடி பழுப்பு. பிறந்த பெயர் நோர்மா ஜீன். மாடலிங் செய்த நாட்களில் வெளுத்துக்கொண்ட முடி அது. மேலே சொன்ன படத்தில் அவரோடு நடித்த கறுப்பு முடி நடிகைக்குப் பல மடங்கு சம்பளம். மன்றோ அப்போது ஸ்டூடியோவின் வாரச் சம்பளக்காரர்.

1954 கடைசியில் ஹாலிவுட்டை விட்டு நியூயார்க் போய், நண்பரோடு சேர்ந்து சொந்தமாகத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். நடிப்பை மறுபடி மாணவியாக உட்கார்ந்து படித்தார். ஒரு வருடம் ஸ்டூடியோவோடு மல்லுக்கட்டி, இயக்குநர் யார் என்பதில் தன் சம்மதமும் வேண்டும் என்ற ஒப்பந்தத்தை வாங்கினார். அந்தக் காலத்தில் இது பெரிய ஆண் நடிகர்களுக்கே சுலபமாகக் கிடைக்காத உரிமை. இவ்வளவும் செய்த பெண்ணை 'மக்கு' என்று உலகம் சொல்கிறதென்றால், அவர் அந்தப் பாத்திரத்தை அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

ஜோக்குதானே அக்கா, இதுக்குப் போய் இவ்வளவு சீரியஸா?

ஜோக்கைக் கேட்கிற இடத்தில் நீங்கள் இல்லாதவரை அது ஜோக்குதான். 1968இல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் தென்னிந்தியப் பாட்டு வாத்தியாராக, குடுமி வைத்து, 'ஐயையோ' போட்டுப் பேசுவார். பெரிய நடிகர், படமும் ஓகோவென்று ஓடியது. ஆனால் டெல்லியிலும் மும்பையிலும் வேலைக்குப் போன நம் சித்தப்பாக்கள் அதற்குப் பிறகு எத்தனை வருடம் ஆபீஸில் அந்த 'ஐயையோ'வைக் கேட்டார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.

சர்தார்ஜி ஜோக்கும் இதே அச்சுதான். பிளாண்ட் ஜோக்கில் 'பிளாண்ட்' இருக்கும் இடத்தில் 'சர்தார்ஜி' போட்டால் ஜோக் அப்படியே ஓடும், ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம். சர்தார்ஜி ஜோக்கைத் தடை செய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. ஜனங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாங்கள் விதி போட முடியாது என்று 2017இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் தடுக்காது, சரி. அந்த ஜோக்குகளோடு ஒரு சீக்கியப் பையன் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் உட்கார வேண்டியிருக்கிறதே, அது அந்தத் தீர்ப்பால் மாறவில்லை.

நம்ம சினிமால இந்த மாதிரி பிளாண்ட் கேரக்டரே இல்லையே?

முடி கறுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். 'லூசுப் பொண்ணு' நாயகியை எத்தனை படத்தில் பார்த்திருப்பீர்கள்? ரோட்டில் நடுவே நின்று குழந்தையோடு ஐஸ்கிரீமுக்குச் சண்டை போடுவாள், மழை வந்தால் ஆடுவாள், வில்லன் யார் என்று கடைசி ரீல் வரை தெரியாது. அவள் பெரும்பாலும் வெளுப்பாக இருப்பாள், வடக்கிலிருந்து வந்தவளாக இருப்பாள், வாயிலிருந்து வருவது வேறு ஒருவரின் டப்பிங் குரலாக இருக்கும். பார்க்க அழகு, கேட்க அசடு, குரல்கூடச் சொந்தம் இல்லை. துத்தேயின் மௌனம் ஞாபகம் வருகிறதா?

வெளிநாட்டு பிளாண்ட் பொண்ணுங்கன்னா கொஞ்சம் 'ஃபாஸ்ட்'டா இருப்பாங்கதானே? தப்பா நினைக்காதீங்க, பொதுவா கேக்கறேன்.

பொதுவாகக் கேட்கிற இந்தக் கேள்விதான் அந்தப் பெண்களைத் தெருவில் தனித்தனியாகத் துரத்துகிறது. இந்தக் கதை மக்குக் கதையைவிடப் பழசு. ரோமில் ஜுவனல் என்ற அங்கதக் கவிஞர், பேரரசி மெஸ்ஸலினா ராத்திரியில் கறுப்பு முடியைப் பொன்னிற விக்கில் மறைத்துக்கொண்டு விலைமாதர் விடுதிக்குப் போனதாக எழுதினார். கிட்டத்தட்ட 1900 வருடத்துக்கு முந்தைய வசை அது.

நம் ஊருக்கு அது திரை வழியாகவும் மைதானம் வழியாகவும் வந்தது. 2008 ஏப்ரல் 18, முதல் ஐபிஎல் போட்டி, நம் சின்னசாமி ஸ்டேடியம். அமெரிக்காவிலிருந்து சியர்லீடர்களை வரவழைத்திருந்தார்கள். வீட்டில் டிவி பார்த்த பல பேர் அத்தனை பொன்னிற முடிப் பெண்களை ஒரே இடத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். அவர்கள் பயிற்சி பெற்ற நடனக்காரர்கள். ஆனால் கேமரா காட்டிய விதம் வேறு, மறுநாள் டீக்கடைப் பேச்சு வேறு. அதே சமயத்தில் சினிமாப் பாட்டுகளில் நாயகனுக்குப் பின்னால் பெயரில்லாமல், வசனமில்லாமல், குட்டைப் பாவாடையோடு ஆட வெளிநாட்டுப் பெண்களை வரிசையாக நிறுத்தினார்கள். இருபது வருடமாக ஒரு கூட்டத்தை இந்த இரண்டு இடத்தில் மட்டுமே காட்டினால், சர்ச் ஸ்ட்ரீட்டில் நடந்துபோகிற என்ஜினீயரைப் பார்த்தாலும் அதே நினைப்புதான் வரும்.

என்னிடம் ஒரு போலந்துக்காரப் பெண் வருகிறார், பாலங்களுக்கு டிசைன் போடும் என்ஜினீயர். முதல் முறை வந்தபோது இடுப்பு வரை இயல்பான பொன்னிற முடி. இந்த நிறத்துக்காக மாதச் சம்பளத்தில் பாதியைத் தரத் தயாராக இருக்கிறவர்கள் என் கடைக்கு வருகிறார்கள். அவர் உட்கார்ந்ததும் சொன்னார், அடர் பழுப்பாக மாற்றிவிடுங்கள் என்று. காரணம் கேட்டேன். பஸ் ஸ்டாப்பில் பைக்கை நிறுத்தி 'எவ்வளவு' என்று கேட்கிறார்கள் என்றார். இத்தனைக்கும் அவர் அன்றைக்குப் போட்டிருந்தது காட்டன் சுடிதார்.

வெளிர் முடியில் நேரடியாகப் பழுப்பு போட்டால் பச்சை அடிக்கும். முதலில் செம்பு நிறம் ஏற்றி அதன்மேல்தான் பழுப்பு போட வேண்டும். அந்தச் செம்பைத் தடவும்போது எனக்குக் கை ஓடவில்லை. இப்போதும் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். வகிட்டில் விரற்கடை அளவு மஞ்சள் எட்டிப்பார்க்கும், அதை மூடிவிடுகிறேன். நரையை மறைக்க வருகிறவர்களைத்தான் எனக்குத் தெரியும். தெருவுக்குப் பயந்து முடியை மறைக்க வந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒரு செல்ஃபி எடுக்கக் கேட்டா அதுவும் தப்பா? அன்பாத்தானே கேக்கறோம்?

கேட்பது தப்பில்லை. 'வேண்டாம்' என்றால் விட்டுவிட வேண்டும், கேட்காமல் மெட்ரோவில் எதிர் சீட்டிலிருந்து எடுக்கக் கூடாது, தோளில் கை போடக் கூடாது. உங்களுக்கு அது ஒரு படம். லால்பாக் போய்வந்த ஒரே நாளில் அவருக்கு அது முப்பதாவது படமாக இருக்கலாம். குழந்தைகளின் முடியைத் தொட்டுப் பார்ப்பதும் வேண்டாம். நம் பிள்ளையின் தலையை முன்பின் தெரியாதவர் தடவினால் நமக்கு எப்படி இருக்கும்?

எல்லா வெள்ளைக்காரிக்கும் இந்த முடிதானா?

இல்லை. இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ் பக்கமெல்லாம் கறுப்பும் அடர் பழுப்பும்தான் அதிகம். வட ஐரோப்பாவிலும் சின்ன வயதில் பொன்னிறமாக இருந்து, வயதுக்கு வரும் சமயத்தில் பழுப்பாகிவிடுகிற பிள்ளைகள் நிறைய. பெரியவர்களாகியும் பளிச்சென்று பொன்னிறமாக இருந்தால், அதில் பல தலைகள் என்னைப்போல ஒருத்தியின் கைவேலை.

கறுப்பா இருக்கறவங்களுக்கு இயற்கையா இந்த முடி வரவே வராதா?

வரும். பசிபிக் கடலில் சாலமன் தீவுகள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் நல்ல கறுப்பு நிறத்தவர்கள், அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இயற்கையாகவே பொன்னிறச் சுருட்டை முடி. வெள்ளைக்காரர்களின் கலப்பால் வந்தது, வெயிலும் மீனும் காரணம் என்று ரொம்ப நாள் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2012இல் ஆய்வு செய்து பார்த்தால் அது வேறு ஒரு மரபணுவில் வந்த மாற்றம், ஐரோப்பாவில் இருப்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஒரே நிறத்தை இயற்கை இரண்டு இடத்தில் தனித்தனியாகச் செய்திருக்கிறது.

இதைச் சொன்னால் எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: அந்தத் தீவுப் பெண்ணைப் பற்றி 'மக்கு' என்றோ 'ஃபாஸ்ட்' என்றோ யாராவது ஜோக் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அதே முடிதானே?

பிளாண்டே அழிஞ்சுபோயிடும்னு வாட்ஸப்ல வந்துச்சே, உண்மையா?

பொய். 2002இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதாக, 200 வருடத்தில் பொன்னிற முடி இல்லாமல் போய்விடும் என்று செய்தி பரவியது. அப்படி ஓர் ஆய்வே நாங்கள் செய்யவில்லை என்று அந்த நிறுவனம் அதே வருடம் மறுத்தது. அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, எனக்கு பிளாண்ட் பண்ணணும். நம்ம முடிக்கு ஆகுமா?

ஆகும், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். முடி நிறத்தை நாங்கள் 1 முதல் 10 வரை அளவு வைத்துப் பார்ப்போம். நம் முடி 1 அல்லது 2. பொன்னிறம் 9, 10. பிளீச் பவுடரை டெவலப்பரில் (பெராக்சைடு கலந்த க்ரீம்) குழைத்துத் தடவி ஃபாயிலில் மடித்துவைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்ப்பேன். கறுப்பு முதலில் செங்கல் நிறமாகும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், கடைசியில் வாழைப்பழத் தோலின் உள்பக்கம் மாதிரி வெளிர்மஞ்சள். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் ஈரத்தில் இழுக்கும்போது ரப்பர்போல நீண்டு அறுந்துவிடும். பிறகு ஊதா கலந்த டோனர் போட்டு மஞ்சளைத் தணிப்போம்.

48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் தடவி ஒவ்வாமை இருக்கிறதா என்று பார்க்காமல் யாருக்கும் கலர் போட மாட்டேன். 12 சதவீத டெவலப்பரை உச்சந்தலையில் வைக்க மாட்டேன், யார் கேட்டாலும். மெஹந்தி போட்ட முடி என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் புழங்குகிற ஏரியாவில் இருந்தால் அந்த உப்புக்கு நிறம் சீக்கிரம் பித்தளை அடிக்கும், கடைசி அலசலுக்காவது வடிகட்டிய தண்ணீர் வையுங்கள். மாதம் ஒரு சென்டிமீட்டர் வேர் கறுப்பாக வளரும், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பண்ணிட்டா ஆபீஸ்ல சீரியஸா எடுத்துப்பாங்களா?

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களில் தலைமைப் பொறுப்பில் இருந்த பெண்களில் 48 சதவீதம் பேரும், பெண் செனட்டர்களில் 35 சதவீதம் பேரும் பொன்னிற முடியோடு இருந்ததாக கனடாவைச் சேர்ந்த இரண்டு பெண் ஆய்வாளர்கள் 2016இல் சொன்னார்கள். 'மக்கு' என்று ஒதுக்கப்படுகிற முடி, மேல் நாற்காலியில் எப்படி இவ்வளவு? அவர்கள் சொன்ன விளக்கம்: அதிகாரமாகப் பேசுகிற பெண்ணை ஜனங்களுக்குப் பிடிப்பதில்லை. அதே கறார்ப் பேச்சைப் பொன்னிற முடிப் பெண் பேசினால் கொஞ்சம் மென்மையாகத் தெரிகிறது, பொறுத்துக்கொள்கிறார்கள். அதாவது ஒரு முன்முடிவுக்குப் பயந்து இன்னொரு முன்முடிவுக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள். எனக்கு இது வெற்றியாகத் தெரியவில்லை.

நம் ஊர் ஆபீஸ்களில், என்னிடம் கலர் போட்டுக்கொண்ட பெண்கள் சொன்னதை வைத்துச் சொன்னால், முதல் வாரம் எல்லாரும் கமென்ட் அடிப்பார்கள், அப்புறம் பழகிவிடும். கிளையன்ட் மீட்டிங்குக்கு மட்டும் கொண்டை போட்டு வரச் சொன்ன மேனேஜர் ஒருவரைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் தலையை விரித்துப் போட்டுக்கொண்டே போய் பிரசன்டேஷன் கொடுத்துவிட்டு வந்தார்.

எங்கம்மா 'பஞ்சத்துல அடிபட்டவ மாதிரி செம்பட்டைத் தலை'ன்னு திட்டறாங்க. ஏன் அப்படி?

அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த வசவுக்குப் பின்னால் நிஜமான பஞ்சம் இருக்கிறது. குழந்தைகளுக்குப் புரதச்சத்து ரொம்பக் குறைந்தால் முடி மெலிந்து, கறுப்பு போய், செம்பட்டையாகிவிடும். சாப்பாடு கிடைத்தும் கிடைக்காமலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரே முடியில் கறுப்பும் வெளுப்பும் பட்டை பட்டையாகத் தெரியும், மருத்துவத்தில் அதைக் கொடி அடையாளம் என்பார்கள். எண்ணெய் வாங்கக் காசில்லாத வீட்டுத் தலை, வெயிலில் கல் உடைக்கிறவள் தலை, பாட்டி காலத்தில் செம்பட்டை என்றால் அதுதான்.

அதனால் இரண்டு பக்கமும் பாருங்கள். இந்திராநகரில் பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கிய நிறமும், கட்டடம் கட்டுகிற இடத்தில் மணல் மேட்டில் விளையாடுகிற பிள்ளையின் நிறமும் தூரத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றை ஸ்டைல் என்கிறோம், இன்னொன்றைப் பரட்டை என்கிறோம். உங்கள் அம்மாவிடம் இதைப் பேசிப் பாருங்கள், அவருக்குத் தெரிந்த கதை நிறைய இருக்கும்.

நீங்களே கலர் போட்டுச் சம்பாதிக்கிறீங்க, அப்புறம் இதெல்லாம் பேசலாமா?

பேசலாம், பேசவும் வேண்டும் என்று நினைக்கிறேன். பொன்னிறத்தை விற்ற தொழிலில்தான் நானும் இருக்கிறேன். அமெரிக்காவில் ஷெர்லி பாலிகாஃப் என்ற விளம்பர எழுத்தாளர், 'பிளாண்டுகளுக்குத்தான் வாழ்க்கையில் குதூகலம் அதிகம் என்கிறார்களே, உண்மையா?' என்ற பொருளில் கேள்வியாகவே ஒரு விளம்பர வரி எழுதினார். ஒரு டப்பா சாயத்தோடு வாழ்க்கையே மாறும் என்ற ஆசையை அது விற்றது. இங்கே 1975இல் வந்த சிவப்பழகு க்ரீம் செய்ததும் இதுதான். அதன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்க 2020 வரை ஆனது.

நான் என் கடையில் வைத்திருக்கிற விதி ஒன்றுதான்: 'இதைப் போட்டா வெள்ளையா தெரிவீங்க', 'மாப்பிள்ளை அமையும்' என்று எந்தக் கலரையும் விற்க மாட்டேன். உங்களுக்கு ஆசையா, பச்சையும் போட்டுக்கொள்ளலாம். யாரோ ஒருவரின் கண்ணுக்காக என்றால், ஒரு வாரம் யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். திரும்பி வராதவர்கள் உண்டு. பரவாயில்லை.

வெள்ளைக்காரன் நம்மள 200 வருஷம் கேவலமா பேசினான். இப்ப நாம அவங்களை ரெண்டு ஜோக் அடிச்சா என்ன குறைஞ்சுடும்?

இந்தக் கேள்வியில் நியாயமான கோபம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. வெள்ளை நிறத்துக்கு இந்த ஊரில் இன்றைக்கும் சலுகை உண்டு. மேலே சொன்ன போலந்துப் பெண்ணுக்கு இரண்டே நாளில் வாடகை வீடு கிடைத்தது. என்னிடம் முடி பின்னிக்கொள்ளும் ஆப்பிரிக்க மாணவிக்குக் கம்மனஹள்ளியில் நாலு மாதம் அலைந்தும் கிடைக்கவில்லை. 2016 ஜனவரியில் இதே பெங்களூரில் தான்சானியா நாட்டு மாணவி ஒருவரை, யாரோ செய்த விபத்துக்காகக் கும்பல் சேர்ந்து அடித்தது, அவருடைய துணியைக் கிழித்தது. 2008 ஐபிஎல்லில் தோல் கறுப்பு என்பதற்காகத் தங்களை மைதானத்துக்குள் ஆட விடவில்லை என்று இரண்டு கறுப்பினச் சியர்லீடர்கள் புகார் சொன்னார்கள். இவர்கள் படுவதோடு ஒப்பிட்டால் பிளாண்ட் ஜோக் சின்ன விஷயம்.

ஆனால் அந்த ஜோக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் தலையில் போய் விழுவதில்லை. பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்கிறவள் தலையில் விழுகிறது. பிளாண்ட் ஜோக்கில் ஆணே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பொன்னிற முடி ஆண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் மக்கு என்று யாரும் சொல்வதில்லை. பழி வாங்குவதாக நினைத்துச் சொல்கிற ஜோக், கடைசியில் பெண்ணுக்கு மூளை கிடையாது என்ற பழைய பேச்சுதான். அது சுற்றிக்கொண்டு நம் வீட்டு லூசுப் பொண்ணிடமே திரும்பி வருகிறது.

என் பொண்ணுக்கு ஆறு வயசு. தங்க முடி பொம்மைதான் வேணும்கறா, 'என் முடி அசிங்கம்'கறா. நான் என்ன சொல்லட்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மா அழுதுவிட்டார், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். பொம்மை ஆசை தப்பில்லை. 1959இல் முதல் பார்பி வந்தபோதே பொன்னிற முடி, பழுப்பு முடி என்று இரண்டும் வந்தது. கடைகளிலும் விளம்பரத்திலும் ஜெயித்தது பொன்னிறம். 1992இல் வந்த பேசும் பார்பி ஒன்றுக்குள் பதிந்துவைத்த வாக்கியங்களில் ஒன்று 'கணக்கு வகுப்பு ரொம்பக் கஷ்டம்' என்பது. பெற்றோரும் ஆசிரியர்களும் கொதித்ததும் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் எங்கிருந்து கற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

'அப்படிச் சொல்லாதே, உன் முடிதான் அழகு' என்று உடனே வாயை அடைக்காதீர்கள், அவளுக்கு அது பதிலாகத் தெரியாது. யார் அசிங்கம் என்று சொன்னார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பள்ளியில் ஒரு பிள்ளையோ வீட்டில் ஒரு பெரியவரோ இருப்பார்கள், பேச வேண்டியது அவரிடம். வீட்டில் 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்ற பேச்சை இன்றோடு நிறுத்துங்கள், அந்த 'இருந்தாலும்' பிள்ளைகள் காதில் நன்றாக விழும். கறுப்பு முடிப் பொம்மை ஒன்றையும் வாங்கி இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். ராத்திரி எண்ணெய் வைத்துச் சிக்கெடுக்கும்போது அவசரப்படாமல் உட்காருங்கள், இழுக்காமல் நுனியிலிருந்து மேலே வாருங்கள். தலை வாருவது வலிக்கிறது என்பதாலேயே தன் முடியை வெறுக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கடைக்குக் கூட்டிவந்தார். உயர்த்திவிட்ட நாற்காலியில் உட்காரவைத்து, பின்பக்கம் கண்ணாடி பிடித்து, இரட்டைப் பின்னல் போடுவதை அவளுக்குக் காட்டினேன். இடது பின்னலுக்குச் சிவப்பு ரிப்பன், வலதுக்கு மஞ்சள், அவள் தேர்ந்தெடுத்தது.